கோடு யாருக்குச் சொந்தம்? உள்ளே, வெளியே: ஓர் எளிய விளக்கம்

டென்னிஸில் பந்து கோட்டின் விளிம்பை உரசினாலே போதும், அது உள்ளே. கூடைப்பந்தில் அதே உரசலுக்கு நடுவர் விசில் ஊதிவிடுவார். அங்கே கோட்டைத் தொட்டாலே வெளியே. தரையில் இருப்பது என்னவோ இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி வெள்ளைப் பட்டைதான்.

உள்ளே, வெளியே என்பதெல்லாம் பார்த்தவுடன் தெரிகிற சங்கதி என்றுதான் நினைக்கிறோம். பெட்டிக்குள் பந்து இருக்கிறதா என்று கேட்டால் குழந்தைகூடச் சொல்லிவிடும். வம்பு முழுவதும் எல்லையில்தான் வருகிறது. பந்தும் காலும் எல்லையை ஒட்டி வந்துவிட்டால் கண்ணை மட்டும் நம்பிப் பயனில்லை. மூன்று விஷயங்களை முன்கூட்டியே முடிவு செய்திருக்க வேண்டும். கோடு எந்தப் பக்கத்துக்குச் சொந்தம்? பொருளின் எந்தப் பகுதியை வைத்துத் தீர்ப்பு? எந்த நொடியை வைத்துத் தீர்ப்பு? மைதானத்தில் நடக்கும் சண்டைகளில் பாதிக்கு மேல், ஆளுக்கொரு பதிலை மனதில் வைத்துக்கொண்டு போடுகிற சண்டைதான்.

கோட்டுக்கும் அகலம் உண்டு

கணக்குப் புத்தகத்தில் கோட்டுக்கு அகலம் கிடையாது. சுண்ணாம்பில் போட்ட கோட்டுக்கு உண்டு. பூப்பந்தாட்ட (பேட்மின்டன்) கோர்ட்டில் 4 செ.மீ., கைப்பந்திலும் கூடைப்பந்திலும் 5 செ.மீ., கால்பந்தில் 12 செ.மீ. வரை. டென்னிஸில் பெரும்பாலான கோடுகள் 2.5 முதல் 5 செ.மீ. வரை, பின்கோடு மட்டும் 10 செ.மீ. வரை போகலாம். இந்தப் பட்டை நடுவில் அனாதையாகக் கிடக்க முடியாது. யாராவது ஒருவர் பெயரில் பட்டா எழுதியாக வேண்டும்.

யார் பெயரில் என்று தெரிந்துகொள்ளப் பெரும்பாலும் ஒரு குறுக்குவழி உண்டு: கோர்ட்டின் அளவை எந்த விளிம்பிலிருந்து எடுக்கிறார்கள் என்று பாருங்கள். பூப்பந்தாட்டத்தின் 13.40 × 6.10 மீட்டர் வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்பு வரை. அதாவது கோடு அளவுக்குள் அடங்கிவிட்டது. ஆகவே கோட்டில் விழுந்தால் உள்ளே. டென்னிஸும் கைப்பந்தும் அப்படியே. கூடைப்பந்தின் 28 × 15 மீட்டர் உள்விளிம்பிலிருந்து உள்விளிம்பு வரை. அங்கே கோடு அளவுக்கு வெளியே நிற்கிறது, தொட்டால் வெளியே.

சொந்தமாகக் கோர்ட் போடுகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். பூப்பந்தாட்டக் கோர்ட்டுக்கு நான்கு மூலையிலும் ஆணி அடித்து நூல் கட்டுங்கள். நூலுக்கு நூல் 13.40 மற்றும் 6.10 மீட்டர். மூலைவிட்டம் இரண்டும் 14.72 மீட்டர் வந்தால் மூலைகள் செங்கோணமாக இருக்கின்றன என்று பொருள். அதன் பிறகு 4 செ.மீ. டேப்பை நூலுக்கு உட்பக்கமாக, வெளிவிளிம்பு நூலைத் தொடும்படி ஒட்ட வேண்டும். நூலை டேப்பின் நடுவில் வைத்து ஒட்டிவிட்டால் கோர்ட் நீளத்திலும் அகலத்திலும் 4 செ.மீ. பெருத்துவிடும். கூடைப்பந்துக்கு இதே வேலையைத் தலைகீழாகச் செய்ய வேண்டும்: பெயின்ட் நூலுக்கு வெளிப்பக்கம்.

ஒரே ஆட்டத்துக்குள்ளேயே கோட்டுக்குக் கோடு விதி மாறும் என்பதையும் மறக்கக் கூடாது. கூடைப்பந்தில் மூன்று புள்ளிக் கோடு மூன்று புள்ளிப் பகுதியைச் சேர்ந்தது அல்ல. ஷூவின் நுனி அதில் பட்டுக்கொண்டிருக்க எறிந்தால் இரண்டு புள்ளிதான். கால்பந்தில் பெனால்டி பகுதியின் கோடு அந்தப் பகுதியைச் சேர்ந்தது. கோட்டின் மேல் நடந்த தவறுக்கும் பெனால்டி உண்டு. குண்டு எறிதலில் குண்டு விழும் பகுதியின் இரு பக்கக் கோடுகளும் வெளியே. விழும்போது கோட்டைத் தொட்டாலும் அந்த எறிதல் செல்லாது. எறிபவர் நிற்கும் 2.135 மீட்டர் வட்டத்தின் விளிம்பு வளையம் இன்னும் நுணுக்கமானது. அதன் உட்புறச் சுவரில் கால் முட்டலாம், மேல்பரப்பில் படக் கூடாது.

ஓட்டப் பாதையில் லேன் ஒவ்வொன்றும் 1.22 மீட்டர். அதில் சேர்வது வலப்பக்கக் கோடு மட்டுமே. இடப்பக்கக் கோடு பக்கத்து லேன்காரருடையது. ஓட்டம் இடஞ்சுழியாக நடப்பதால் இடப்பக்கம் என்பது வளைவின் உட்பக்கம்; அதை மிதித்தால் தூரம் குறையும். அதனால்தான் வளைவில் இடக்கோட்டை மிதிப்பது பெரிய குற்றமாகவும், வலக்கோட்டைத் தாண்டுவது யாருக்கும் இடைஞ்சல் இல்லாதவரை பொறுத்துக்கொள்ளக் கூடியதாகவும் இருக்கிறது. வெளியே போகிறவர் தன் தூரத்தைத் தானே கூட்டிக்கொள்கிறார், அவ்வளவுதான்.

கிரிக்கெட் கிரீஸ்: ஒரே கோடு, இரண்டு நியாயம்

புதியவர்களுக்கு அதிகம் குழப்பம் தருவது பாப்பிங் கிரீஸ். ஸ்டம்புகளுக்கு 1.22 மீட்டர் முன்னால் போட்டிருக்கும் வெள்ளைப் பட்டை. விதிப்படி 'கிரீஸ்' என்பது அந்தப் பட்டை அல்ல; அதன் ஸ்டம்ப் பக்க விளிம்பு மட்டும். வெள்ளை முழுவதும் பேட்டருக்கு வெளியேதான். மட்டை நுனி கோட்டின் மேல் இருக்கும்போது பெயில்ஸ் விழுந்தால் ரன் அவுட். 'கோட்டைத் தொட்டுவிட்டேனே' என்று கேட்டுப் பயனில்லை. கோட்டைத் தாண்ட வேண்டும், தாண்டிய பகுதி தரையிலும் பட வேண்டும். மட்டை கோட்டுக்கு அரை அடி உள்ளே இருந்தாலும் காற்றில் மிதந்தால் அவுட்தான்.

எனவே ஓடி வரும்போது மட்டையைக் கடைசி நொடியில் குத்தி நிறுத்தக் கூடாது. குத்தினால் நுனி மண்ணில் சிக்கும், அல்லது எகிறும். கோட்டுக்கு ஓர் எட்டு முன்னாலேயே மட்டையைத் தரையில் படுக்கவைத்துத் தள்ளிக்கொண்டு வர வேண்டும். ஓடியோ பாய்ந்தோ வந்து ஒரு முறை கோட்டுக்குள் தரையைத் தொட்ட பிறகு, அந்த வேகத்திலேயே மட்டை எகிறினால் அவுட் இல்லை என்ற திருத்தம் 2017 அக்டோபரில் வந்தது. அதற்கு முன்பு அதுவும் அவுட்தான். முதல் தொடுகையே நடக்காவிட்டால் இந்தச் சலுகை காப்பாற்றாது.

இப்போது அதே கோட்டில் பந்து வீசுபவரைப் பாருங்கள். முன்காலின் ஏதாவது ஒரு பகுதி கோட்டுக்குப் பின்னால் இருக்க வேண்டும். ஆனால் தரையில் பட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. குதிகால் தூக்கியிருந்தாலும் அது கோட்டுக்குப் பின்னால் காற்றில் இருந்தால் பந்து செல்லுபடியாகும். பேட்டருக்குத் தரை, பந்து வீசுபவருக்குக் காற்றும் போதும்: ஒரே விளிம்பு, இரண்டு சோதனை. பக்கவாட்டில் இருக்கும் ரிட்டர்ன் கிரீஸில் மூன்றாவது சோதனை. பின்கால் அதைத் தொடாமலேயே உள்ளே இறங்க வேண்டும். ஒரு சதுர அடிக்குள் இத்தனை நியாயத்தை அடைத்துவைத்திருப்பது கிரிக்கெட்டுக்கே உரிய பொழுதுபோக்கு.

பந்தின் எந்தப் பகுதி?

அடுத்த கேள்வி பொருளைப் பற்றியது. டென்னிஸ் பந்து தரையில் பட்ட இடம்தான் கணக்கு. பந்தின் வயிறு கோட்டுக்கு மேல் தொங்கியது என்பதற்கு மதிப்பு இல்லை. களிமண் கோர்ட்டில் பந்து பதித்த தடம் நீள்வட்டமாக இருக்கும். தடம் கோட்டை எட்டியிருந்தால் உள்ளே, தடத்துக்கும் கோட்டுக்கும் இடையே மயிரிழை மண் தெரிந்தால் வெளியே.

கால்பந்தில் இது தலைகீழ். பந்து தரையைத் தொட்ட இடத்துக்கு வேலையே இல்லை. முழுப் பந்தும் முழுக் கோட்டையும், தரையிலோ காற்றிலோ, கடந்தால்தான் வெளியே. சுற்றளவு 68 முதல் 70 செ.மீ. என்றால் குறுக்களவு சுமார் 22 செ.மீ., ஆரம் 11 செ.மீ. ஆகவே பந்து புல்லில் நிற்கும் புள்ளி கோட்டின் வெளிவிளிம்பைத் தாண்டி 10 செ.மீ. போயிருந்தாலும், மேலே இருந்து பார்த்தால் பந்தின் விளிம்பு கோட்டின் மேல் நிழல்போல் நீண்டிருக்கும். பந்து இன்னும் உள்ளேதான்.

2022 டிசம்பர் 1 அன்று கத்தார் உலகக் கோப்பையில் நடந்தது இதுதான். ஸ்பெயினுக்கு எதிராக ஜப்பானின் மிட்டோமா எல்லைக்கோட்டில் சறுக்கியபடி பந்தைத் திருப்பித் தர, டனாகா கோல் அடித்தார். பக்கவாட்டுப் படங்களில் பந்துக்கும் கோட்டுக்கும் நடுவே பச்சைப் புல் தெளிவாகத் தெரிந்தது. முதலில் கோல் இல்லை என்றார்கள். வீடியோ பரிசோதனைக்குப் பிறகு கோல் நின்றது, ஜப்பான் 2–1 என்று வென்றது. புல்லைக் காட்டிய படங்களில் பொய் இல்லை. அவை காட்டியது பந்து தரையைத் தொட்ட புள்ளியை. விதி கேட்பது பந்தின் விளிம்பை.

கோல்கீப்பர் விஷயத்திலும் இதே கணக்குதான். பெனால்டி பகுதிக்குள் அவர் கையால் பிடித்தாரா என்பதை அவர் கால் நிற்கும் இடம் தீர்மானிப்பதில்லை. பந்து எங்கே இருந்தது என்பதுதான் தீர்மானிக்கும். உள்ளே நின்றுகொண்டு கையை வெளியே நீட்டிப் பிடித்தால் குற்றம்.

கண் எங்கே இருக்கிறது என்பது இதில் பாதி வேலை. சாய்வாகப் பார்க்கும் கண்ணுக்குப் பந்து முன்னாலோ பின்னாலோ நகர்ந்து தெரியும். நண்பர்கள் ஆட்டத்தில் கோடு பார்க்க உட்கார்ந்தால், கோட்டை நீட்டினால் எந்த இடத்தில் முடியுமோ அந்த நேரில் உட்காருங்கள். பந்தைப் பின்தொடராதீர்கள். பந்து இறங்கும் முன்பே பார்வையைக் கோட்டின் வெளிவிளிம்பில் நிறுத்திவிட வேண்டும். பந்தோடு சேர்ந்து கண்ணும் ஓடினால், பட்ட கணத்தில் கோடு மங்கலாகத்தான் தெரியும். வெளியே போனதை உறுதியாகப் பார்க்காவிட்டால் உள்ளே என்றே சொல்லிவிடுவது டென்னிஸ்காரர்களின் வழக்கம், நல்ல வழக்கம்.

இயந்திரம் வந்தாலும் கேள்வி மாறுவதில்லை. 2010 உலகக் கோப்பையில் இங்கிலாந்தின் லாம்பார்டு அடித்த பந்து கோல் கோட்டுக்கு நன்றாக உள்ளே விழுந்து வெளியே எகிறியது, நடுவர்கள் பார்க்கவில்லை. கோல் கோட்டைக் கண்காணிக்கும் கருவிக்கு 2012இல் அனுமதி கிடைத்தது, 2014 உலகக் கோப்பையில் அது வந்துவிட்டது. விம்பிள்டனில் 2025 முதல் கோட்டு நடுவர்களே இல்லை. ஆனால் முழுப் பந்து கடக்க வேண்டுமா, ஓரம் பட்டால் போதுமா என்பதை அந்தக் கருவிகளுக்கும் மனிதர்தான் முதலில் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

காற்றில் இருக்கும்போது எங்கே இருக்கிறோம்?

கூடைப்பந்து வீரர் எல்லைக்கு வெளியே பறந்தபடி பந்தைப் பிடித்து உள்ளே எறிகிறார். இது செல்லும். காற்றில் இருப்பவர் கடைசியாக எந்தத் தரையை மிதித்தாரோ அங்கேயே இருப்பதாகக் கணக்கு. உள்ளே மிதித்து எழும்பியிருந்தால், வெளியே இறங்கும் வரை அவர் உள்ளேதான். வெளியே நின்று எழும்பினால் எதிர்மாறு: கோர்ட்டுக்கு மேலே பறந்தாலும் வெளியாள்.

கிரிக்கெட் எல்லையில் கேட்ச் பிடிப்பவருக்கும் அடிப்படை இதேதான். பந்து கயிற்றுக்கு மேலே, வெளியே காற்றில் இருக்கலாம். அதைத் தொடுபவர் உள்ளே இருந்து எழும்பியிருக்க வேண்டும். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு கால் கயிற்றில் பட்டால் பவுண்டரி. ஒரு காலத்தில் சிலர் பந்தை மேலே தட்டிவிட்டு, வெளியே இறங்கி, அங்கிருந்தே மறுபடி எழும்பிக் காற்றில் உள்ளே தட்டினார்கள். விதி அதற்கு இடம் கொடுத்தது. பார்ப்பவர்களுக்கோ ஏமாற்று வேலைபோல் இருந்தது. 2025இல் இதற்கு முடிவு கட்டினார்கள்: எல்லைக்கு வெளியே காற்றில் இருந்து ஒரே ஒரு முறை தொடலாம், பிறகு உள்ளேதான் இறங்க வேண்டும்.

இன்னொரு வேறுபாடும் கவனிக்கத் தக்கது. கால்பந்து காற்றிலேயே கோட்டைக் கடந்தால் வெளியே. திரும்பி வளைந்து உள்ளே விழுந்தாலும் போனது போனதுதான். டென்னிஸ் பந்து காற்றில் எங்கே சுற்றினாலும் தரையைத் தொடும் வரை தீர்ப்பு இல்லை. எப்படியும் வெளியேதானே போகிறது என்று பின்கோட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டு பந்தைக் கையால் பிடித்தால் புள்ளி எதிராளிக்கு. புதிதாக ஆடுபவர்கள் தவறாமல் செய்கிற பிழை இது.

கபடியில் எல்லையே இடம் மாறும். பக்கத்தில் இருக்கும் ஒரு மீட்டர் லாபி, தொடுதலோ பிடியோ நடக்கும் வரை வெளியே. ரைடர் அதில் கால் வைத்தால் அவுட். பிடி தொடங்கிய மறுகணம் அதே லாபி களத்தோடு சேர்ந்துவிடும்.

வளைவுக்கு ஓர் உள்பக்கம் உண்டு

இதுவரை பார்த்தது மூடிய எல்லை. 'உள்' என்ற சொல்லை நாம் வளைவுக்கும் சொல்கிறோம். அங்கே அடைப்பு எதுவும் இல்லை, வளைவின் மையம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் உள். வட்டப் பாதையில் ஒரு மீட்டர் வெளியே தள்ளி ஓடினால் ஒரு சுற்றுக்கு சுமார் 6.28 மீட்டர் கூடும். வட்டம் எவ்வளவு பெரிது என்பது பொருட்டே இல்லை. 400 மீட்டர் பாதையில் முதல் லேனின் வளைவு ஆரம் 36.50 மீட்டர், ஓடும் தூரத்தை அதற்கு 30 செ.மீ. தள்ளி அளக்கிறார்கள். இரண்டாவது லேன்காரருக்கு 7.04 மீட்டர் முன்னால் தொடக்கக் கோடு, அதன் பிறகு ஒவ்வொரு லேனுக்கும் 7.67 மீட்டர் கூடுதல். எட்டாவது லேன் 53 மீட்டர் முன்னால் நிற்பதைப் பார்த்துச் சலுகை என்று நினைக்க வேண்டாம்.

சைக்கிளில் இடப்பக்கம் திரும்பும்போது இடப் பெடல் மேலே, வலப் பெடல் கீழே, எடை வலக்காலில். உள்பெடல் கீழே இருந்தால் வண்டி சாயும்போது தரையில் உரசி ஆளைத் தூக்கிப்போடும். நீண்ட வண்டிகளின் பின்சக்கரம் முன்சக்கரத்தைவிட வளைவின் உட்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். லாரி திரும்பும்போது அதன் உட்பக்கத்தில் நிற்கக் கூடாது என்பதற்குக் காரணம் அதுதான்.

மட்டையின் உள்விளிம்பு என்றால் உடம்பை ஒட்டிய விளிம்பு. அதில் பட்ட பந்து ஸ்டம்புக்கோ காலுக்கோ போகும். வெளிவிளிம்பில் பட்டால் கீப்பருக்கும் ஸ்லிப்புக்கும். கால்பந்தில் வலதுகால் பாதத்தின் உள்பக்கத்தால் பந்தின் வலக்கன்னத்தை அடித்தால் பந்து இடப்பக்கம் வளையும்; வெளிப்பக்கத்தால் அடித்தால் எதிர்த்திசை. இங்கே உள், வெளி என்பது உடம்பை வைத்து. ஆள் திரும்பினால் அதுவும் திரும்பும்.

அளவு நாடாவும் தேதியும்

வீட்டில் இதே கேள்வி பலகையின் தடிமனாக வந்து நிற்கும். வெளியளவு 600 மி.மீ. அலமாரி, 18 மி.மீ. பலகை என்றால் உள்ளே கிடைப்பது 564 மி.மீ.; தடிமனை இரண்டு முறை கழிக்க வேண்டும். ஒரு முறை மட்டும் கழித்துவிட்டு 580 மி.மீ. பெட்டியை உள்ளே தள்ளப் பார்ப்பவர்கள் உண்டு. ரம்பத்துக்கும் தடிமன் இருக்கிறது. 3 மி.மீ. வெட்டும் ரம்பத்தைக் கோட்டின் மேல் ஓட்டினால் துண்டு ஒன்றரை மி.மீ. குறையும். கழிவுப் பக்கத்தில் வெட்டி, கோட்டைத் துண்டோடு விட்டுவிட வேண்டும்.

இரும்பு அளவு நாடாவின் நுனியில் இருக்கும் கொக்கி சற்று ஆடும். பழுது என்று நினைத்து அதைத் தட்டி இறுக்கிவிடாதீர்கள். அது ஆடும் தூரம் கொக்கியின் தடிமனுக்குச் சமம். பலகை விளிம்பில் மாட்டி இழுக்கும்போது கொக்கி வெளியே நகர்ந்து, அதன் உள்முகம் பூஜ்யமாகும். சுவரில் முட்டி உள்ளளவு எடுக்கும்போது கொக்கி உள்ளே நகர்ந்து, அதன் வெளிமுகம் பூஜ்யமாகும். இறுக்கிவிட்டால் இரண்டில் ஓர் அளவு எப்போதும் கொக்கித் தடிமன் அளவுக்குத் தப்பாகவே வரும்.

நேரத்துக்கும் 'உள்' என்றுதான் சொல்கிறோம்: நாளைக்குள், ஒரு மணிநேரத்துக்குள். '15ஆம் தேதிக்குள்' என்றால் 15 சேர்த்தியா? கேட்டவர் ஒன்று நினைப்பார், சொன்னவர் வேறொன்று. '15ஆம் தேதி மாலை 5 மணி வரை' என்று எழுதினால் வழக்கு இல்லை. 'உள்பட', 'நீங்கலாக' என்ற இரண்டு சொற்கள் இதற்கென்றே இருக்கின்றன. 3ஆம் தேதி முதல் 7ஆம் தேதி வரை, இரு முனையும் உள்பட, ஐந்து நாள், இரவு நான்கு. 10 மீட்டர் நேர்வேலிக்கு 2 மீட்டருக்கு ஒரு கம்பம் என்றால் ஆறு கம்பம். அதே 10 மீட்டரை வட்டமாகச் சுற்றினால் ஐந்து போதும், முதலும் கடைசியும் ஒன்றாகிவிடுவதால்.

சுருண்ட கோட்டுக்குள் ஒரு புள்ளி

கடைசியாக ஒரு காகித வேலை. தன்னைத் தானே வெட்டிக்கொள்ளாத ஒரு கோட்டைக் குடல்போல எப்படி வேண்டுமானாலும் சுருட்டி வரைந்து, தொடங்கிய இடத்தில் முடியுங்கள். நடுவில் ஒரு புள்ளி வையுங்கள். அது உள்ளேயா, வெளியேயா? பார்த்துச் சொல்ல முடியாது, எண்ணிச் சொல்லலாம். புள்ளியிலிருந்து காகித ஓரம் வரை நேராக ஒரு பென்சில் கோடு இழுங்கள். அது சுருள்கோட்டை எத்தனை முறை வெட்டுகிறது? ஒற்றைப்படை என்றால் புள்ளி உள்ளே, இரட்டைப்படை என்றால் வெளியே. ஒவ்வொரு வெட்டிலும் நீங்கள் பக்கம் மாறுகிறீர்கள், ஓரத்தை எட்டும்போது வெளியே இருப்பது நிச்சயம், அதனால் இந்தக் கணக்கு சரியாக வரும். பென்சில் கோடு சுருளை வெட்டாமல் ஒரு வளைவை லேசாகத் தொட்டு மட்டும் போனால் எண்ணிக்கை குழம்பும். அதைத் திருத்தப் பார்க்க வேண்டாம். அழித்துவிட்டு வேறு திசையில் இழுத்து எண்ணுங்கள்.